மந்திரி வேடம்

சுக்குக் காப்பி நன்றாக இருந்தது, ஐயா. காரம் கொஞ்சம் கூடுதல், ஆனால் தொண்டைக்கு இதம். பாடிப் பிழைக்கிறவனுக்கு இதையெல்லாம் கவனிக்கிற பழக்கம் வந்துவிடுகிறது.

என் பெயர் பலவேசம். கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை எந்தத் திருவிழா நாடகமானாலும் ராஜபார்ட் நான்தான். டாக்கி சினிமா வந்து நாடகத்துக்குக் கூட்டம் குறைந்த பிறகும் கிரீடம் என் தலையில்தான் இருந்தது.

வைகாசியில், மார்க்கையன்கோட்டை நாடகத்துக்கு ஆள் சேர்த்தபோது, காண்ட்ராக்டர் குருசாமி என்னைக் கூப்பிட்டார். வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்.

"பலவேசம், இனிமே ராஜபார்ட்டு செல்லப்பாண்டிக்கு. நீரு மந்திரி வேசம் கட்டும்."

"ஏன்னு கேக்கலாமா?"

"சனங்க இளசாக் கேக்குறாக. இதுல என்ன இருக்கு?"

தலையாட்டினேன். 'வேண்டாம்' என்ற சொல்லைக் கேட்காத நடிகன் கிடையாது. அதைத் தாங்க எனக்கு ஒரு வழி உண்டு. சொன்னது யார் என்று பார்க்க மாட்டேன். சொல்ல வைத்தது யார் என்று பார்ப்பேன். அது தெரிந்துவிட்டால் மனம் அடங்கிவிடும்.

அதனால் கவனித்தேன். ஆர்மோனியம் சுயம்புலிங்கம் எனக்கு மட்டும் சுருதியை ஏற்றி வைக்கிறாரோ என்று சந்தேகம் வந்தது. ஸ்திரீபார்ட் சொர்ணலதா என் வசனத்தின்போது கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றியது. சோற்றில் கல் கிடந்தால்கூடப் பரிமாறியது யார் என்று பார்த்து வைத்தேன். எல்லாத் தடமும் செல்லப்பாண்டியிடம் போய்த்தான் முடிந்தது. அவன் காட்டிய மரியாதைதான் பெரிய சாட்சி. நான் வந்தால் எழுந்து நிற்பான். மேடையேறும் முன் என் காலைத் தொட்டுக் கும்பிடுவான். ஒரு தப்பும் செய்யாதவன் எதற்கு அவ்வளவு பணிய வேண்டும்?

ஆடியில் சுருளிப்பட்டியில் நாடகம். அன்று மேடையிலேயே பபூன் அம்மாவாசி செல்லப்பாண்டியின் நடையைக் கேலி செய்யப்போய், இருவரும் அடித்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்கள். ஊரே பார்த்தது. மறுநாள் காலை எல்லோரும் அருவிக்குக் குளிக்கப் போனோம். அம்மாவாசி முறுக்கிக்கொண்டு தனியாகப் போனான். செல்லப்பாண்டி என்னோடு வந்தான். மேலே தண்ணீர் தெளிவாக இருக்கும் என்று கூட்டிப்போனது நான்தான்.

மதியம் கீழே பாறை இடுக்கிலிருந்து அவனைப் பிணமாகத் தூக்கினார்கள். அம்மாவாசி அந்நேரம் எங்கே இருந்தான் என்று சொல்ல ஆள் இல்லை. அவனைப் பிடித்தீர்கள்.

அதற்கு முன் எல்லோரையும் விசாரித்தீர்கள், ஐயா. சொர்ணலதாவைக்கூட அரை நாள் உட்கார வைத்தீர்கள். என்னிடம் பெயரும் ஊரும் கேட்டுவிட்டு, "நீரு போம், பெரியவரே. அந்தப் பயலத் தம்பி மாதிரி வச்சிருந்தீராமே" என்று அனுப்பிவிட்டீர்கள். அம்மாவாசியை விலங்கு போட்டுக் கடைத்தெரு வழியாக நடத்திப் போனபோது, கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். நானும் அங்கேதான் நின்றேன். என்னை ஒதுக்கிவிட்டு அவனை எட்டிப் பார்த்தார்கள்.

அவனுக்கு அது பொருந்தவே இல்லை, ஐயா. மூக்கு ஒழுக அழுதான். குற்றமில்லாதவன் தூக்குக்குப் போகக்கூடாது என்றுதான் இங்கே வந்தேன். வேறு எண்ணம் கிடையாது.

இப்போதும் நீங்கள் நம்பவில்லை என்று முகத்தில் தெரிகிறது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் தள்ளவில்லை. பாசியில் அவனுக்குக் கால் வழுக்கியது. விளிம்பில் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினான். குனிந்து கையை நீட்டினேன். வேரை விட்டுவிட்டு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான். பக்கத்து மரத்தில் காலைக் கோத்திருந்ததால் எனக்குச் சிரமம் இல்லை. கேட்பதற்கு அதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று பட்டது.

"ராஜபார்ட்டு வேணும்னு குருசாமிகிட்ட நீதானடா கேட்ட?"

"அண்ணே, தூக்குங்கண்ணே."

"சொல்லு."

"நான் கேக்கலண்ணே. அவுக ஒங்கள ஒரேயடியா அனுப்பிரப் போறதாச் சொன்னாக. நாந்தான் கால்ல விழுந்து, மந்திரி வேசமாச்சும் குடுங்கன்னு கெஞ்சுனேன்."

அருவிச் சத்தத்திலும் ஒவ்வொரு சொல்லும் சுத்தமாகக் கேட்டது. அவனுக்கு நல்ல குரல். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

பிடியும் பலமாகத்தான் இருந்தது. மறு கையால் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கடைசி விரல் வரை அண்ணே என்றுதான் கூப்பிட்டான்.

'நான்தான் கேட்டு வாங்கினேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஐயா, அப்போதே தூக்கிவிட்டிருப்பேன். எனக்கு யார் மேலும் பொறாமை கிடையாது.