மாமியார் சிரித்ததற்கு வாயு காரணம் அல்ல

இந்த வாக்குமூலம் எழுதப்படும்போது காவல் நிலைய அறையில் இருந்தவர்கள்: விசாரணை அதிகாரி அம்மையார், பதிவு எழுதும் காவலர், புகார் கொடுத்த என் நாத்தனார், என் கணவர், வண்டிப் பட்டறை வைத்திருக்கும் ஸ்பேனர் அண்ணன், நான். அறைக்கு வெளியே ஜன்னலோரப் பெஞ்சில், யாரும் அழைக்காமல் தானாகவே வந்த என் மாமியார், கையில் ஜெபமாலையுடன். மேசை மேல் சணல் கயிறு கட்டி அடையாளச் சீட்டு ஒட்டிய நீல நிறப் பாட்டில் ஒன்று.

என் பெயர், வயது, முகவரி ஆகியவை முதல் பக்கத்தில் காவலர் எழுதியபடி சரி. தொழில் என்ற இடத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்ததை மட்டும் "இல்லத்தரசி" என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார். அதன் பிறகு ஸ்பேனர் அண்ணன் சொன்ன சாமான்களின் பெயர்களை எழுத முடியாமல் காவலர் தாள்களைக் கிழித்துக்கொண்டே இருந்ததால், அதிகாரி அம்மையாரின் அனுமதியுடன் மீதியை என் கையாலேயே எழுதுகிறேன்.

என் மேல் உள்ள புகார், நான் என் மாமியாரை ஒழித்துக்கட்டும் எண்ணத்துடன் வண்டியில் சிரிப்பு வாயுவை மறைத்து வைத்து, அதன் பொத்தானை ஹாரன் போலத் தோன்றும்படி பொருத்தினேன் என்பதாகும். இதை மறுக்கிறேன். அந்த வாயுவை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதை ஆரம்பத்திலிருந்து சொன்னால் உண்மை தானே விளங்கும் என்பதால், கடவுளை முன்வைத்துச் சொல்கிறேன்.

என் கணவர் மேட்டுத் தெருவிலுள்ள வீடுகளுக்குக் குடிநீர் கேன்களும் மளிகையும் ஏற்றிச் செல்கிறார். அந்தத் தெருவுக்குக் கார் போகாது, மண் பாதைதான், அதனால் ஏ.டி.வி. என்று சொல்லப்படும், பைக் மாதிரிக் கைப்பிடி வைத்த நாலு சக்கர வண்டியை வைத்திருக்கிறார். நாத்தனார் வீடு அந்த மேட்டின் உச்சியில், கடைசி வளைவைத் தாண்டியதும் முதல் வீடு. சுமையோடு ஏறும்போது வண்டி மற்ற இடமெல்லாம் ஒழுங்காகப் போய், சரியாக அந்தக் கடைசி வளைவில் மூச்சு முட்டி நின்றுவிடும். போன மழைக்குப் பிறகு ஒருநாள் அப்படி நின்றபோது கேன்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு கீழே உருண்டன, ஒன்று என் கணவரின் முழங்காலில் மோதியது. அதன் பிறகு மேட்டுத் தெருக்காரர்கள் பெரிய வண்டி வைத்திருப்பவரிடம் வேலையைக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வேலையால்தான்.

அதன் பிறகு ஸ்பேனர் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து, காபி குடித்துக்கொண்டே, "பெரிய வண்டி எதுக்குப்பா? இதுக்கே ஒரு பாட்டில் மாட்டிடுவோம். வளைவுல ஒரு அமுக்கு, நேரா உங்க அக்கா வீட்டு வாசல்ல போய் நிப்ப" என்றார்.

என்ன பாட்டில் என்று கேட்டேன். நைட்ரஸ் என்றார். பல் பிடுங்கும்போது கொடுக்கும் சிரிப்பு வாயுவா என்று கேட்டேன். "அதே ஜாதிதான் தங்கச்சி. வண்டிக்குக் குடுத்தா வண்டி சிரிக்காது, பறக்கும்" என்றார். பறப்பதைப் பற்றி எழுதிய புத்தகம் ஏதாவது இருந்தால் கொடுங்கள், படித்துப் பார்க்காமல் என் வீட்டு வண்டியில் ஆணி கூட அடிக்கக் கூடாது என்றேன்.

அவர் கொடுத்த கையேடு ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தை முடிக்கவில்லை, ஆனால் அகராதி பார்த்து எதையும் படித்துவிடுவேன். தினமும் சாயங்காலப் பிரார்த்தனை முடிந்ததும் அதை என் கணவருக்கு உரக்க வாசித்து அர்த்தம் சொன்னேன். மனதுக்குள் வாசித்தால் அவர் தூங்கிவிடுவார், உரக்க வாசித்தால் கொஞ்சம் தாமதமாகத் தூங்குவார். மாமியார் அதே அறையில் கட்டிலில் கண்ணை மூடி மாலை உருட்டிக்கொண்டிருப்பார். இந்த விவரம் பின்னால் தேவைப்படும் என்பதால் எழுதுகிறேன்.

அதன் பிறகு தேர்வு செய்யும் நாள் வந்தது, பட்டறைக்கு நானும் போனேன். அந்தச் சாமானில் இரண்டு வகை உண்டு. ஒன்று உலர்ந்த வகை, வாயுவை மட்டும் இன்ஜினுக்குள் விடும். இன்னொன்று ஈர வகை, வாயுவோடு அதற்கு ஈடான பெட்ரோலையும் சேர்த்து விடும். ஸ்பேனர் அண்ணன் உலர்ந்ததையே எடுத்து வைத்திருந்தார், குழாய் குறைவு, மாட்டுவது சுலபம் என்றார். எங்கள் வண்டியில் இருப்பது பழைய கார்புரேட்டர், அது தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்காது, வாயு மட்டும் போனால் உள்ளே சூடு ஏறி பிஸ்டன் உருகும் என்று கையேட்டில் போட்டிருக்கிறதே என்றேன். அடுப்பைக் கூட்டிவிட்டுப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றாமல் போகிற மாதிரிதானே அண்ணா என்றும் கேட்டேன். அவர் என் கணவரைப் பார்த்து, "இந்தம்மாவ எங்கருந்துப்பா கூட்டிட்டு வந்த?" என்றார். "எங்க அம்மா பாத்து வச்சது, நான் பொறுப்பில்ல" என்றார் என் கணவர். ஈர வகையே வாங்கினோம்.

அதன் பிறகு வாயு எவ்வளவு போக வேண்டும் என்பதை முடிவு செய்யும் சிறு பித்தளைத் துளைகளை, ஜெட் என்பார்கள், ஒரு தட்டில் கொட்டிக் காட்டினார். இருப்பதிலேயே சிறியதை எடுத்தேன். "இது ஊசிக் காது மாதிரி இருக்கு, இதுல என்ன வரும்?" என்று சலித்துக்கொண்டார். இதே வண்டியில் பின்னால் உட்கார்ந்துதான் என் மாமியாரும் மகள் வீட்டுக்குப் போய் வருகிறார், அவருக்குத் தாங்கும் அளவு போதும் என்றேன். இதற்கு ஸ்பேனர் அண்ணன் சாட்சி. மாமியாரை ஒழிக்க நினைப்பவள் அந்தத் தட்டில் எதை எடுத்திருப்பாள் என்பதை அதிகாரி அம்மையார் யோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பெரிய ஜெட்டும் அதே விலைதான்.

பாட்டிலுக்கு உறை தைத்து மறைத்தேன் என்று புகாரில் உள்ளது. வெயில் பட்டால் பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறும், நிழலில் வைக்க வேண்டும் என்பது கையேட்டில் உள்ள விதி. பழைய ஜன்னல் திரையில் தைத்தேன். பெரிய பெரிய சூரியகாந்திப் பூப் போட்ட துணி. ஒன்றை மறைக்க நினைக்கும் யாரும் அந்தத் துணியைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

அதன் பிறகு என் கணவர் முதல்முறை சுமையோடு ஏறிக் கடைசி வளைவில் பொத்தானை அமுக்கினார். திரும்பி வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். வைத்த சாப்பாட்டைத் தொடாமல் காலிக் கேன்களையே ஏற்றிக்கொண்டு மறுபடி மேட்டுக்குப் போனார். மாமியார் அதை வாசலில் நின்று பார்த்தார்.

சம்பவ தினம் காலையில் என் கணவர் வண்டியைக் கிளப்பிவிட்டுக் கேன்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் மாற்றுப் பாட்டிலை எடை போட்டுக்கொண்டிருந்தேன், சமையல் கேஸைப் போலவே இதிலும் மீதி எவ்வளவு என்பது எடையில்தான் தெரியும். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அதன் பிறகு என் கணவர் சமையலறைக்கு வந்து, "அந்த நைலான் கயிறு எங்கம்மா?" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "அப்ப வண்டியில யாரு?" என்றார்.

கட்டிலில் மாமியார் இல்லை. போர்வை மடித்திருந்தது. தலையணை மேல் ஜெபமாலை மட்டும் இருந்தது, தூரப் பார்வைக் கண்ணாடியைக் காணவில்லை.

இருவரும் மேட்டில் ஓடினோம். என் கணவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடினார், நான் கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடினேன். பாதி தூரத்தில் மேலே கடைசி வளைவிலிருந்து, வாயு ஏறிய வண்டி சீறும் அந்தச் சத்தம் கேட்டது. ஒருமுறை கேட்டவர்களுக்கு அது மறக்காது. அதைத் தொடர்ந்து வேலி முறியும் சத்தமும் நாத்தனாரின் குரலும் கேட்டன.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி நாத்தனார் வீட்டு முற்றத்தில், துணி ஊறவைத்த தொட்டியில் முன்சக்கரம் முட்டி நின்றது. ஒரு கேனும் உருளவில்லை. காயப்போட்டிருந்த படுக்கை விரிப்பு மாமியாரின் தோளில் விழுந்திருந்தது. அவர் இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்ததில்லை. பெற்ற மகளே பார்த்ததில்லை என்பது, நாத்தனார் அலறியதிலிருந்து தெரிந்தது.

"அம்மாவுக்கு என்னடி குடுத்த? என்ன குடுத்த சொல்லு!"

ஒன்றும் கொடுக்கவில்லை அண்ணி என்றேன். மாமியார் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மறுபடி சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. கூடியிருந்தவர்களில் மருந்துக்கடைக்காரர் பாட்டிலின் பெயரைப் படித்து, இது சிரிப்பு வாயு ஆயிற்றே என்றார். நாத்தனார் தன் தாயின் முகத்தில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். அதற்கும் அவர் சிரித்தார். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஹாரன்னு நெனச்சு அமுக்கிட்டேன்டி" என்றார். அதன் பிறகுதான் நாத்தனார் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் புகார் சொன்னார். வண்டியையும் பாட்டிலையும் இங்கே கொண்டுவந்தார்கள்.

வண்டிக்கு விற்கும் வாயுவை யாரும் முகர்ந்து பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அதில் கந்தக நெடி கலந்திருக்கும், அதை முகர்ந்து ஒருவரும் சிரிக்க முடியாது என்று இன்று இந்த அறையில் சொன்னேன். நாத்தனார் நம்பவில்லை. அதிகாரி அம்மையார் பாட்டிலைத் திறக்கச் சொன்னார். முதலில் ஜன்னல்களைத் திறக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், திறந்தார்கள். ஸ்பேனர் அண்ணன் வால்வை இம்மியளவு திருப்பி உடனே மூடினார். அறையில் இருந்த அனைவரும் வெளியே போய் நின்றோம். காவலருக்குக் கண் எரிந்தது, அதிகாரி அம்மையார் இருமினார், நாத்தனார் ஸ்பேனர் அண்ணனைத் திட்டினார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் இருந்த மாமியார் மட்டும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார், அது நெடிக்காகவா என்பது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு எல்லோரும் காவல் நிலைய முற்றத்தில் நிற்கும் வண்டியிடம் போனோம். ஹாரன் பச்சை நிறம், தனியாக இருக்கிறது, நன்றாக அலறுகிறது. காவலர் அமுக்கிப் பார்த்தார். வாயுப் பொத்தான் சிவப்பு. அதையும் அமுக்கினார், ஒன்றும் நடக்கவில்லை. பலமுறை அமுக்கினார். அதிகாரி அம்மையார் என்னைப் பார்த்தார்.

இதற்குப் பிறகு உள்ளதைச் சொல்ல எனக்கு மனமில்லை. பெரியவர்களைக் குறை சொல்லும் வாய் எனக்கு வரக் கூடாது என்று தினமும் வேண்டுகிறவள் நான். ஆனால் கேட்டது அரசாங்க அதிகாரி.

அந்தப் பொத்தான் தனியாக வேலை செய்யாது. அப்படிப்பட்ட பூட்டு உள்ளதாகப் பார்த்து நான்தான் தேர்ந்தெடுத்தேன். முதலில் சூரியகாந்தி உறைக்குள் கையை விட்டுப் பாட்டிலின் வால்வைத் திறக்க வேண்டும், என் கணவர் ஒவ்வொரு முறையும் அதை மூடிவிடுவார். அடுத்து மூடி போட்ட சின்ன சுவிட்சை, மூடியைத் தூக்கிவிட்டுப் போட வேண்டும். அதற்கு மேல் கட்டைவிரலால் ஆக்ஸிலரேட்டரை முழுவதுமாக அழுத்தியிருந்தால்தான் பொத்தானுக்கு உயிர் வரும். பாட்டில் மேசை மேல் இருந்ததால் வால்வை விட்டுவிட்டு, மீதியைக் காவலரை அதே வரிசையில் செய்யச் சொன்னேன். வண்டிக்குள் "டக்" என்று வாயுக் குழாயின் அடைப்பு திறக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

தவறுதலாக இதைச் செய்ய முடியாது. எல்லோரும் திரும்பி மாமியாரைப் பார்த்தோம். அவர் விரல்களில் மாலை நின்றது.

அதிகாரி அம்மையார் அவரிடம், "ஏம்மா, இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

"இவதான் தெனமும் கத்திக் கத்திப் படிச்சாளே. நான் தூங்குறேன்னு யாரு சொன்னா?" என்றார் மாமியார். "நின்ன வண்டியில அமுக்கக் கூடாது, வேகம் வந்தப்புறம்தான் அமுக்கணும்னு அதுல போட்டிருக்கு. அதான் வளைவு வரைக்கும் பொறுத்தேன்."

"அம்மா, அப்ப ஹாரன்னு சொன்னது?" என்றார் நாத்தனார்.

"நீ போட்ட கூச்சலுக்கு வேற என்னத்தடி சொல்ல?"

"சரி, எதுக்கு அப்படிச் சிரிச்ச? நான் பயந்தே போயிட்டேன். போய்ச் சேந்துருவியோன்னு பாத்தேன்" என்று நாத்தனார் அழுதார். அவர் தாயின் மேல் உள்ள பாசத்தால்தான் புகார் கொடுத்தார் என்பதை நான் இங்கே எழுத விரும்புகிறேன், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

மாமியார் மாலையை மடியில் வைத்தார். பிறகு, "கல்யாணம் ஆன நாள்லருந்து பின்னாடியே உக்காந்து வரேன். மொதல்ல உங்கப்பா சைக்கிள்ல, அப்புறம் இவன் வண்டியில. முன்னாடி உக்காந்தா காத்து மூஞ்சியில அடிக்கும்னு எனக்கு இப்பத்தான்டி தெரிஞ்சுது" என்றார்.

நாத்தனார் பெஞ்சில் போய்த் தன் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் தாழ்ந்த குரலில் பேசியது எனக்குக் கேட்கவில்லை. வேலியை நாங்கள் கட்டிக் கொடுப்பதென்றும் புகாரை அவர் திரும்பப் பெறுவதென்றும் முடிவாயிற்று. ஆனால் வண்டியை விடுவிக்க மேலதிகாரியின் கையெழுத்து வர வேண்டும் என்று அதிகாரி அம்மையார் தெரிவித்தார். உரிமம் இல்லாமல் வண்டியைத் தொடக் கூடாது என்று மாமியாரைக் கண்டிக்கவும் செய்தார். அதைக் கேட்ட மாமியார், உரிமத்துக்கு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று காவலரிடம் விசாரித்து வைத்துக்கொண்டார்.

இதில் நான் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. எழுதியதை எல்லோர் முன்னாலும் உரக்க வாசித்தேன், என் கணவர் தவிர மற்றவர்கள் கடைசி வரை விழித்திருந்து கேட்டு, சரி என்றார்கள். அதன் பேரில் கையெழுத்திடுகிறேன்.

கையெழுத்து: இல்லத்தரசி, மேட்டடி வீடு.
சாட்சிக் கையெழுத்து: மாமியார். ஜன்னல் வழியாகத் தாளை வாங்கித் தாமே போட்டது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வண்டி இல்லாமல் மேட்டுத் தெருவில் குடிநீர் இல்லை. பாட்டில் வெயில் படும் மேசையில் இருக்கிறது, உறையையாவது போட்டு வையுங்கள். வண்டி எப்போது வரும் என்று ஜன்னலோரப் பெஞ்சில் ஒருவர் தூரப் பார்வைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி கேட்கிறார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆகவே பதிலைச் சீக்கிரம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.