கால் நொடிக்கும் குறைவு

எங்கள் வீட்டுக் கதவுகள் சத்தம் போடாது, டாக்டர். மாதம் ஒருமுறை எல்லாக் கீல்களுக்கும் நானே எண்ணெய் விடுகிறேன். யாரும் சொல்லிச் செய்வதில்லை. சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான்.

மச்சானை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டு, வீட்டில் அவருக்கு ஏதாவது அதிர்ச்சி ஏற்பட்டதா என்று கேட்டீர்கள். மூன்று மாதமாக அவருக்கு ஏன் திக்குகிறது என்று உங்களுக்குப் பிடிபடவில்லை. மூளையை ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சீட்டும் எழுதிவிட்டீர்கள். அது வீண் அலைச்சல். அதற்காகத்தான் சொல்கிறேன்.

அவர் என் மனைவியின் அண்ணன். பத்து நாள் தங்குகிறேன் என்று ஒரு பெட்டியோடு வந்தார். ஒன்றரை வருடம் ஆகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல மனிதர். துணி மடிப்பார், பாத்திரம் கழுவுவார். எல்லாவற்றையும் பேசிக்கொண்டே செய்வார். வாய் நிறைய பற்பசை நுரையோடு பேசுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? தெருவில் அவருக்கு ரேடியோ என்றே பெயர். தபால்காரர் எங்கள் வீட்டு வாசலில் மட்டும் சைக்கிளை விட்டு இறங்கமாட்டார்.

என் மகளுக்கு ஏழு வயது. பள்ளி விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு மாமாவிடம் கதை கேட்க ஓடுவாள். கரடிக்கு ஒரு குரல், கரடியின் மாமியாருக்கு வேறு குரல் என்று அவர் அமர்க்களப்படுத்துவார். ஒருநாள் அவர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நான் கதைப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் வாசித்திருப்பேன்.

"அப்பா, நீ படிச்சா கரண்ட் பில்லு படிக்கிற மாதிரி இருக்கு. மாமா வரட்டும்" என்றாள்.

எனக்கு வலித்தது. பெற்ற பிள்ளை சொன்னால் யாருக்கும் வலிக்கும். சிரித்துக்கொண்டே புத்தகத்தை மூடி வைத்தேன்.

மச்சானுக்குப் பிழைப்பும் வாயால்தான். புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்பார். எங்கள் பின்னறைச் சுவர்களில் போர்வைகளைத் தொங்கவிட்டு, மைக் வைத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார். அந்தச் சமயம் பார்த்து அவருக்குத் தொள்ளாயிரம் பக்க நாவல் ஒன்று வந்தது. ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் அந்தப் பதிப்பகத்தின் புத்தகங்கள் எல்லாம் இனி அவர் குரலில்தான். "மாப்ளே, நம்ம வாய்க்கும் ஒரு மரியாதை வந்துருச்சு பாரு" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

முதல் அத்தியாயத்திலேயே பதிவில் டப் டப்பென்று வெடிப்புச் சத்தம். என்னைக் கூப்பிட்டார். ஆபீசில் நூற்றிருபது கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவன் நான். கோளாறு உடனே தெரிந்தது. பதிவு செய்யும் மென்பொருளில் பஃபர் என்று ஒன்று உண்டு. வருகிற குரலைக் கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமாக நினைவகத்தில் சேர்த்துவைத்துத்தான் அப்புறம் அனுப்பும். அந்தக் கொஞ்சம் மிகச் சிறியதாக இருந்தால் பழைய மெஷினுக்கு மூச்சு வாங்கும், வெடிப்பு வரும். பெரிதாக்கினால் வெடிப்பு நின்றுவிடும். ஆனால் பேசுகிறவரின் குரல் அவருடைய ஹெட்போனுக்குத் தாமதமாக வந்து சேரும். பஃபர் அளவு நூற்றிருபத்தெட்டில் இருந்ததை ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஆக்கினேன். வெடிப்பு நின்றது. அதுவரை நான் செய்தது உதவி.

அன்று மச்சான் ஒரு சொல்லில் தடுக்கினார். ஒரே ஒரு சொல். "என் குரலே என் பின்னாடி நடந்து வர்ற மாதிரி இருக்கு மாப்ளே" என்றார்.

"பெரிய ஸ்டூடியோல எல்லாம் இப்படித்தான் மச்சான். கைதேர்ந்தவங்களுக்கு அது தெரியவே தெரியாது" என்றேன்.

அதன்பிறகு அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறுநாள் ஆயிரத்து இருபத்து நான்கு. அடுத்த வாரம் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு. அப்புறம் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. அப்போதும் தாமதம் கால் நொடிக்கும் குறைவுதான். ஆனால் தன் குரலையே அவ்வளவு பிந்திக் கேட்கிறவனுக்கு நாக்கு குழறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'அவன்' என்ற சொல்லைத் தாண்ட அவருக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது. நான் அவர் மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று ஒருநாள் அவருக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. நியாயமான சந்தேகம். அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதே பக்கத்தை ஒரு பிசிறில்லாமல் வாசித்துக் காட்டினேன். ஹெட்போனின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் வாசித்தேன். மச்சான் முகம் சுண்டிப்போய்விட்டது. பாவமாகத்தான் இருந்தது.

மைக்கை விட்டு எழுந்த பிறகும் எப்படித் திக்குகிறது என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? அதற்கு மென்பொருள் போதாது, குடும்பம் வேண்டும். சாப்பிடும்போது அவர் வாயெடுத்தால் போதும், நான் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு அவர் உதட்டையே பார்ப்பேன். "நிதானமா சொல்லுங்க மச்சான், அவசரமே இல்ல" என்பேன். அவர் உப்புதான் கேட்டிருப்பார். நான் பார்ப்பதைப் பார்த்து என் மனைவியும் பார்க்க ஆரம்பித்தாள். இரண்டே வாரத்தில் அவர் உப்பு கேட்பதை விட்டுவிட்டார்.

பதிப்பகம் நாவலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. மச்சான் போர்வைகளை இறக்கி, மடித்து, அலமாரியில் வைத்தார். என் மனைவி அடுப்படியில் நின்று அழுதாள். "விடு, நாக்குக்குக் கொஞ்சம் ஓய்வுதானே" என்று தேற்றினேன். அவர் வந்த பிறகு முதல்முறையாக, குளிர்சாதனப் பெட்டி இரைவது எனக்குக் கூடத்தில் உட்கார்ந்தபடியே கேட்டது. சும்மா சொல்லக்கூடாது, அருமையாக இருந்தது.

இனி என் முறை என்று நினைத்தேன். கரடிக்கு அடித்தொண்டையில் ஒரு குரல் பழகிவைத்திருந்தேன். மாமியாருக்கு மூக்கால் ஒன்று. மகள் முதல் பக்கம் முடியும்வரை மரியாதைக்கு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து பின்னறைக்குப் போனாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். எண்ணெய் போட்ட கதவாகையால் அவர்களுக்குத் தெரியவில்லை. மச்சான் "க... க..." என்று நிற்கிறார். அவளுக்கு அது கரடி என்று தெரியும். ஆனாலும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, "மெதுவா வா மாமா, எனக்கு ஒண்ணும் வேல இல்ல" என்கிறாள். அந்தக் கரடி குகையை விட்டு வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் கண்ணைக்கூட எடுக்கவில்லை. தினமும் இதே கதைதான்.

ஆக, மச்சானைத் திக்கவைத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அவரைச் சரிசெய்வது உங்கள் வேலை, அதில் நான் தலையிடமாட்டேன். எனக்கு ஒரே ஒரு உதவி வேண்டும். ஒரு பிசகில்லாமல் நான் சொல்வதை விட்டுவிட்டு, திக்கித் திணறி வருவதைப் போய்க் கேட்கிறது குழந்தை. அடுத்த தடவை அவளையும் கூட்டிவருகிறேன். காதில் ஏதும் கோளாறு இருக்கிறதா என்று நன்றாகச் சோதித்துப் பாருங்கள்.