மேலே சுத்தம்

தரையைக் கூட்டுகிறவன் மூலையிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் ஸ்டேஷனில் இந்த அறையைக் கூட்டியவன் வாசலிலிருந்து தொடங்கியிருக்கிறான். அந்த அலமாரிக்கு அடியில் பாருங்கள், குப்பை அப்படியே கிடக்கிறது. சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நான் சொல்வதை அப்படியே எழுதுங்கள். முடிந்ததும் வாசித்துக் காட்டுங்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் காது நன்றாகக் கேட்கும்.

அந்த மாவு ஆலையில் முப்பத்தொரு வருஷம் துடைப்பம் பிடித்தேன். மாவு சாப்பிடுகிற பொருள்தானே என்று நினைப்பீர்கள். குவிந்து கிடக்கிற மாவில் தீக்குச்சியைப் போட்டால் குச்சிதான் அணையும். அதே மாவு காற்றில் புகை மாதிரிப் பறக்கும்போது ஒரு பொறி பட்டால், அது வெடிமருந்துக்கு அண்ணன். நான் சேர்ந்த வருஷமே அப்படி ஒரு வெடிப்பைப் பார்த்தேன். முதலில் கதவை அறைந்தது போல ஒரு சின்னச் சத்தம். அது உத்தரங்களை உலுக்கி, மேலே படிந்திருந்த தூசியையெல்லாம் கொட்ட வைத்தது. கொட்டியது பற்றிக்கொண்டது. கூரையைத் தூக்கியது இரண்டாவதுதான். தரையில் கிடப்பது குப்பை, மேலே கிடப்பது எமன். இதை எனக்கு எந்த எஞ்சினியரும் சொல்லித் தரவில்லை.

மேற்பார்வை பார்க்கிறவன் என் மனைவியின் தம்பி. ஆலைக்குள் அவனைக் கூட்டிவந்தவனே நான்தான். நாற்காலி கிடைத்ததும் அவன் செய்த முதல் வேலை, ஏணி போட்டு உத்தரம் துடைத்த நாலு பேரையும் மூட்டை தூக்க அனுப்பியது.

"மேல யாரு மாமா பாக்கப் போறாங்க? தரை பளிச்சுனு இருந்தா போதும்."

சரி என்றேன். சொன்னதைச் செய்கிறவன் நான். காற்றுக் குழாயை எடுத்துத் தரையை ஊதினேன். தூசி எழும்பிப் போய் உத்தரத்தில் உட்கார்ந்தது. தரை கண்ணாடி மாதிரி இருந்தது. முதலாளி வந்து பார்த்து, மச்சினன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். யாரும் தலையை நிமிர்த்தவில்லை. பதினாலு மாதம் இப்படியே ஊதினேன். ஒரு விரற்கடை கனத்துக்குப் படிந்திருந்தது. ஏணி வைத்து ஏறி அளந்து பார்த்தேன்.

நீங்கள் கேட்கிற அந்த நாள் காலையில், எல்லார் முன்னாலும் மச்சினன் சொன்னான்.

"மாமா, மாசக் கடைசியோட நின்னுக்கங்க. கூட்டுற மெஷின் வருது."

"அந்த மெஷினுக்கு உத்தரம் எட்டுமாப்பா?"

"அது எட்டுதோ இல்லியோ, எதிர்த்துப் பேசாது. துடைப்பத்த மூலைல வச்சா சும்மா இருக்குல்ல, அத மாதிரி."

மூட்டை தைக்கிறவர்கள் சிரித்தார்கள். வெல்டரும் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மாவு ஏற்றும் இரும்புக் குழாய் ஒன்றில் விரிசல் விழுந்திருந்தது. அதை ஒட்டவைக்க வேண்டும். அந்தப் பழைய விபத்துக்குப் பிறகு ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. கூட்டுகிறவன் வாயால் சுத்தம் என்று சொல்லாமல் வெல்டர் பற்றவைக்க மாட்டான். அவனும் வந்து கேட்டான்.

"பெரியவரே, மேல சுத்தமா?"

"சுத்தம்."

"நல்லா பாத்தீங்களா? புள்ளகுட்டிக்காரன் நான்."

"உன் மூஞ்சிய விட சுத்தம்டா. போய் வேலயப் பாரு."

சிரித்துக்கொண்டே ஏணி எடுக்கப் போனான். நல்ல பையன். அவன் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். பற்றவைத்தது வெல்டர். உத்தரத்தைத் துடைக்க வேண்டாம் என்றது மச்சினன். தரையை மட்டும் பார்த்தது முதலாளி. என் பங்கு ஒரே ஒரு சொல். ஆமாம், தெரிந்துதான் சொன்னேன். என்ன ஆகும் என்று அந்த ஆலையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை. செத்தது ஒன்பது பேர் என்கிறீர்கள். இருக்கும். மச்சினன் அந்த நேரம் பார்த்து ஆபீஸ் அறையில் போன் பேசிக்கொண்டிருந்தானாம். புருவம் மட்டும் கருகியதாம். அது ஒன்றுதான் எனக்குக் குறை.

வாட்ச்மேன் பூனையைப் பற்றியும் சொல்லிவிட்டானா? சொல்லட்டும். எலிக்காக வளர்த்த பூனை அது, வயிற்றில் குட்டி. வெல்டர் ஏணியைச் சாத்தி, வயரை இழுத்து, கண்ணாடி மாட்டி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அதைத் துண்டில் சுற்றி வெளிக்கேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். அப்புறம்தான் முதல் சத்தம் கேட்டது.

அத்தனை பேரை உள்ளே விட்டுவிட்டுப் பூனையை ஏன் தூக்கினாய் என்கிறீர்கள். அது வாயில்லா ஜீவன் ஐயா. அவர்களுக்கு வாய் இருந்ததே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.