கேத்தரின் பேரில் உள்ள பங்குகள்

— வித்துருங்க அருளப்பண்ணே. நான் என்னோடதுல பாதிய இன்னைக்கே வித்துட்டேன். மீதியையும் நாளைக்கு மார்க்கெட் திறந்ததும் தள்ளிருவேன்.

— நீ வித்தா சரிதாம்மா செல்வமேரி. கேத்தரினுது கெடக்கட்டும்.

— கெடக்கட்டும்னா எப்படிண்ணே? ஸ்டாஃப் ரூம்ல வச்சு கேத்தரின் டீச்சர்தான் என்னைய வாங்க வச்சாங்க. உலகத்துல எல்லாரும் போட்டோவும் வீடியோவுமா எடுத்துத் தள்றாங்க, அத்தனையையும் வைக்க எடம் வேணும்ல, அந்த டிஸ்க்கு செய்ற கம்பெனி எப்படிப் படுக்கும்னாங்க. சொன்ன மாதிரியே மூணு மடங்கு ஏறுச்சு. இப்ப எறங்குது. அவங்க இருந்தா இந்நேரம் எனக்கு முன்னாடி வித்திருப்பாங்க.

— எறங்கல. தேங்கி நிக்குது. ஏ.ஐ.க்கு இன்னும் எம்புட்டு எடம் வேணும் தெரியுமா? கம்பெனி கையில ரெண்டு வருசத்துக்கு ஆர்டர் இருக்கு.

— போஸ்ட் ஆபீஸ் கவுண்டர்ல உக்காந்து அந்தச் சேமிப்பப் பத்தி மட்டும் பேசுன மனுசனா இது? பங்குன்னு சொன்னாலே எந்திரிச்சு வெளிய போயிருவீங்களே.

— படிக்கிறேன். வேற சோலி இல்லல்ல.

— அப்ப இதையும் படிச்சிருப்பீங்க. பெரிய கம்பெனிங்க எல்லாம் புதுசா ஃபேக்டரி கட்டுது. எல்லாரும் டிஸ்க்கு செஞ்சா வெலை நிக்குமா? முதலாளியே அவரு பங்கக் கொஞ்சங்கொஞ்சமா வித்துக்கிட்டு இருக்காரு. சன்னல அடைச்சிரவாண்ணே? மலை மேகம் உள்ள வருது.

— வந்துட்டுப் போகட்டும். மாமாவும் நீ சொல்றதத்தான் சொல்றாரு.

— யாரு, அய்யம்பாளையத்துல இருக்கிற உங்க மாமனாரா?

— ம். ஒட்டன்சத்திரத்துல கமிஷன் மண்டி நடத்துனவருல்ல. இந்தக் கம்பெனியும் அவருக்கு ஒரு குடோன்தான். ஊருக்கு ஒரு குடோன் இருந்தா வாடகை ஏறும், நாலு வந்துருச்சுன்னா, வெங்காயத்தக் கொண்டாந்து வைங்கய்யான்னு லாரிக்குப் பின்னாடி ஓடணும்னு இன்னைக்குப் போட்டிருந்தாரு.

— போட்டிருந்தாருன்னா?

— வாட்ஸ்அப்ல. தெனமும் வெள்ளனே ஒண்ணு போடுவாரு. கேத்தரினுக்கு.

— அண்ணே, டீச்சர் தவக்காலத்துல போயிட்டாங்க. ஐப்பசி மழையே வந்துருச்சு.

— ஆமா.

— அப்ப நீங்க யாருமே அவருக்குச் சொல்லலையா?

— அவருக்கு நெஞ்சுல ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த வாரம் அது. அதிர்ச்சி ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு மாசம் போகட்டும்னு மச்சினன் சொன்னான். கேத்தரினுக்குத் தொண்டைல ஆபரேஷன், பேசக்கூடாது, மெசேஜ் மட்டும்தான்னு சொல்லி வச்சோம். அடக்கத்துக்கும் கூட்டியாரல. அந்த மாசம் போச்சு. அப்புறம் யாருக்கும் வாய் வரல.

— பதில் யாரு போடுறது?

— நான்தான். அவ போன்லருந்து.

— மாதாவே.

— அப்பனும் மகளும் சேந்து வாங்குனது, செல்வமேரி. கணக்கு அவ பேருல. பணம் பாதி அவரோடது. ரெண்டு பேரும் சரின்னாத்தான் விக்கணும்னு அவங்களுக்குள்ள பேச்சு. அதான் கேக்குறாரு, வித்துருவமா தாயின்னு. இன்னும் ஏறும்ப்பான்னு நான் போடுறேன். அவரு குடோனச் சொல்லுவாரு, நான் ரிப்போர்ட்ட எடுத்துச் சொல்லுவேன். மறுநாளும் கேப்பாரு.

— இது எத்தனை நாளைக்குண்ணே ஓடும்?

— தெரியல. செத்தவங்க கணக்குல விக்கவும் கூடாதாம். இறப்புச் சான்றிதழக் குடுத்து என் பேருக்கு மாத்தணும். சான்றிதழ் பீரோவுல கெடக்கு, எடுக்கல. மாத்தி வித்துட்டம்னே வையி. அதுக்கப்புறம் அவரு எதக் கேப்பாரு? வெலை கேக்க மாட்டாரு. ஒரு வார்த்தை பேசு தாயின்னு கேப்பாரு. அன்னைக்கு அவரு நெஞ்சு நின்னுரும்.

— நீங்க அழுதீங்களாண்ணே?

— ஞாபகம் இல்ல. சோறு பொங்குறேன். உப்புப் போட்டேனா இல்லையான்னு தின்னு முடிச்சப்புறமும் தெரியல. நீ கொண்டாந்த குழம்பும் அப்படித்தான் எறங்குது, தப்பா எடுத்துக்காத.

— நான் எடுத்துக்கல.

— ஒண்ணே ஒண்ணு. இத யார்கிட்டயும் சொல்லிராத. அய்யம்பாளையத்துல உனக்கு ஆளுக இருக்காங்க. பேச்சு அவரு காதுக்குப் போயிரக் கூடாது.

— அண்ணே, கொஞ்சம் உக்காருங்க.

— உக்காந்துதான இருக்கேன்.

— போன ஞாயித்துக்கிழமை அங்கதான் போயிருந்தேன், எங்க அக்கா பேத்திக்கு ஞானஸ்நானம். பூசைக்கு முன்னாடி, இன்னைக்குப் பூசை யாருக்காகன்னு கருத்து வாசிச்சாங்க. கேத்தரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, தகப்பனார் ஒப்புக்கொடுக்கும் பூசைன்னு.

— வேற கேத்தரினா இருக்கும்.

— உங்க மாமனாரு முன் பெஞ்சுல உக்காந்திருந்தாருண்ணே. மாசாமாசம் ஒரு பூசை வைக்கிறாராம். அப்புறமா நீங்களும் சொல்லிட்டீங்கன்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

— யாரு சொன்னது அவருக்கு?

— யாரும் வேணும்னு சொல்லல. எட்டாம் நாளே வத்தலக்குண்டுலருந்து யாரோ துக்கம் கேக்க நேரா அவரு வீட்டுக்கு வந்துட்டாங்களாம். மகன் அப்ப வீட்டுல இல்லையாம். வந்தவங்களுக்குக் காப்பி போட்டுக் குடுத்து அனுப்பிட்டு, மகன்கிட்டயும் மூச்சு விடலையாம்.

— அப்ப மெசேஜு?

— எம்மக ஒரு நாளும் ரிப்போர்ட் படிச்சதில்ல தாயி, பேரு நல்லாருந்தா வாங்கிருவா, இம்புட்டுக் கணக்கா எழுதுறது போஸ்ட் ஆபீஸ்காரருதான்னு சிரிச்சாரு. எனக்கு அப்ப ஒண்ணும் புரியல, வயசாளி என்னமோ சொல்றாருன்னு விட்டுட்டேன்.

— தெரிஞ்சுமா தெனமும் விப்போம் விப்போம்னு கேக்குறாரு?

— அதையும் அவரே சொன்னாருண்ணே, என் கையப் பிடிச்சுக்கிட்டு. "நான் விப்போம்னு சொன்னாத்தான் மாப்பிள்ளை வேணாம்னு நாலு வரி எழுதுவாரு தாயி. அவரு வேற யார்கிட்டயும் பேசுறதில்லையாம்."