கொளஞ்சியம்மாள் மனுவில் பெய்த பனி

முதலில் காப்பிக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். சர்க்கரை கிடைக்காத இந்த யுத்த காலத்தில், வெல்லம் போட்டு இவ்வளவு நன்றாகக் காப்பி போட முடியும் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். இன்ஸ்பெக்டர் ஐயா ஒரு பேனாவும் பத்துத் தாளும் கொடுத்து, "நடந்ததை எழுது, கதை எழுதாதே" என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று நினைக்கிறவர்களே அரியலூரில் குறைவு.

என் பெயர் குருநாதன். வயது இருபத்து மூன்று. சொந்த ஊர் குரும்பலூர். பெரம்பலூரில் பள்ளி இறுதி வகுப்பு தேறினேன். இரண்டு வருடமாக அரியலூரில், தாலுகா ஆபீஸ் வாசலில் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து ஜனங்களுக்கு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுக்கிறேன். கொலைக் கேசில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட வண்டிக்காரர் தர்மனுக்காக, அவர் மனைவி கொளஞ்சியம்மாள் மெட்ராஸ் கவர்னராகிய லாட் துரைக்கு அனுப்பிய கருணை மனுவை எழுதியது நான்தான். அதை நான் மறைக்கவே இல்லை. நகல் கேட்டதும் எடுத்துக் கொடுத்தேன். மூன்று முழுப் பக்கம். என் எழுத்தைப் படிக்க வேண்டும் என்று ஒருவர் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. வந்தவர் போலீஸ் தொப்பி போட்டிருந்தார் என்பது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

எனக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. பீடி இல்லை, சீட்டு இல்லை, கோயில்கூட இல்லை. மொழிபெயர்ப்பு நாவல் படிப்பேன், அவ்வளவுதான். ருஷ்யா, பிரான்சு, வங்காளம் எல்லா ஊர் ஜனங்களும் தமிழில் பேசி, தமிழில் காதலித்து, தமிழில் செத்துப்போவதை நான் மரத்தடியில் படித்திருக்கிறேன். அவர்களோடு ஒப்பிட்டால் என்னிடம் மனு எழுத வருகிறவர்கள் மிகவும் சாதாரணமானவர்கள். மண்ணெண்ணெய்க் கூப்பன் காணோம் என்பார்கள். மடையை அடைத்துவிட்டான் என்பார்கள். ஒருவருக்காவது ஆத்மாவில் ஒரு பிரச்சினை இருக்காது.

பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய ஒரு குமாஸ்தா என்னிடம் ஒரு புத்தகம் கொடுத்தார். இங்கிலீஷில் கேட்பவர் மனத்தைத் திருப்புவது எப்படி, எந்த இடத்தில் எந்தத் தொனியில் பேச வேண்டும் என்று சொல்லும் புத்தகம். ஒவ்வொரு தொனிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், நாலு உதாரணம். ரங்கூனிலிருந்து அவர் வீட்டுச் சாமி படங்களைப் போட்டுவிட்டு இதைத் தூக்கி வந்திருக்கிறார். அவருக்குச் சரியான புத்தி இருந்தது.

நான் அதை முறையாகப் படித்தேன். வாரத்துக்கு ஒரு சொல். மனப்பாடம் செய்தால் போதாது, பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்று முன்னுரையில் இருந்தது. எனக்கோ தினமும் ஆள் வந்துகொண்டிருந்தது.

முதல் வாரம் ஹைப்பர்போல். ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வது. ஏரிக்கரையில் ஒரு ஓட்டை என்று வந்த ஊர்க்காரர்களுக்கு, கோயில் கலசம் மட்டும் வெள்ளத்துக்கு மேலே தெரிகிறது என்று எழுதினேன். ஒரு அதிகாரி இரண்டு பரிசலை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அந்த ஊரில் அப்போது புழுதி பறந்துகொண்டிருந்ததாம். அடுத்து ஸார்கஸம், குத்தலாகப் புகழ்வது. இடமாற்றம் கேட்ட வாத்தியார் இளையபெருமாளுக்காக மேலதிகாரியின் நீதியைப் புகழ்ந்து எழுதினேன். ஸார்கஸம் நன்றாகவே போய்ச் சேர்ந்தது. "ஏம்ப்பா, நான் கேட்டது பக்கத்து ஊரு. இவனுக எழுவது மைல் தள்ளிப் போட்டிருக்கானுவ" என்று வாத்தியார் பெட்டி படுக்கையோடு வந்து நின்றார். நான் அவரை ரயில் ஏற்றிவிட்டேன்.

மூன்றாவது, அண்டர்ஸ்டேட்மென்ட். பெரிய விஷயத்தை அடக்கமாகச் சொல்வது. வெள்ளைக்காரர்களுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும் என்று புத்தகம் சொன்னது. கொள்ளிடக் கரையில் ஒரு ஊரில் காலரா. டாக்டர் வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் சிலருக்கு இரண்டு நாளாக வயிறு அவ்வளவு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் பதினோரு பேர். ஊரார் மாரியம்மனைத்தான் சந்தேகப்பட்டார்கள். அவளும் மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

நான் இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கொளஞ்சியம்மாள் வந்தபோது நான் கற்றுக்குட்டி இல்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் வந்தது மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை. உடையார்பாளையம் பக்கம் ஒரு கிராமம். மடைத் தகராறில் அமாவாசை என்கிறவரை யாரோ கம்பால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். முன்பு ஒரு தடவை அவரோடு சண்டை போட்டவர் என்பதால் பழி தர்மன் மேல் விழுந்தது. செஷன்ஸ் கோர்ட்டில் தூக்கு. மேலே போயும் அதே தீர்ப்பு. பாக்கி இருந்தது லாட் துரை ஒருவர்தான்.

"தம்பி, அவரு செய்யலைங்க. அன்னிக்கு அவரு ஏலாக்குறிச்சியில இருந்தாரு. இதை மட்டும் எழுதுங்க, போதும்" என்றார் கொளஞ்சியம்மாள்.

முந்தானையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். ஏலாக்குறிச்சி மாதா கோயில் உபதேசியார் எழுதியது. கொலை நடந்த வியாழக்கிழமை, காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை, தர்மன் தன் வண்டியில் மதில் வேலைக்குச் சுண்ணாம்புக் கல் ஐந்து நடை அடித்தார், நான் கூடவே நின்று இறக்கினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். வழக்கு நடந்தபோது உபதேசியார் தஞ்சாவூர்ப் பக்கம் நோயில் கிடந்திருக்கிறார். திரும்பி வந்து விஷயம் கேள்விப்பட்டதும் இதை எழுதியிருக்கிறார்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர் வெள்ளைச்சாமி. ஐம்பது வயது. எந்தக் குறைக்கும் ஒரே மாதிரி நாலு வரி எழுதுவார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "டேய் குருநாதா, அந்தச் சீட்டை மேல வச்சுக் குத்தி, கீழ நாலு வரி எழுதி அனுப்புடா. பொழைச்சுக்குவான்" என்றார்.

"அதுல உணர்ச்சி எங்கண்ணே இருக்கு?"

"கழுத்துல கயிறு மாட்டிக் கிடக்கிறவனுக்கு உணர்ச்சி எதுக்குடா? அத்துவுடக் கத்திதான் வேணும்."

அந்த வாரம் என் சொல் பேத்தோஸ். படிப்பவர் நெஞ்சை உருக்குவது. வெள்ளைச்சாமிக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் நாலு வரியில் அதற்கு இடம் இருந்திருக்காது.

நான் நிதானமாக யோசித்தேன். கோபத்திலோ குடியிலோ எழுதினேன் என்று யாரும் சொல்லக் கூடாது. இது கருணை மனு. கருணை யாருக்குத் தேவை? தப்பு செய்தவனுக்கு. செய்யாதவனை எப்படி மன்னிப்பது? மன்னிக்க ஒன்றுமே இல்லாத ஆளுக்காக லாட் துரையிடம் போய் மன்னிப்புக் கேட்டால் அவருக்குக் குழப்பமாக இருக்காதா? தவிர, ஐந்து நடை சுண்ணாம்புக் கல்லை வைத்துக்கொண்டு யாருடைய நெஞ்சையும் உருக்க முடியாது. நான் படித்த நாவல்களில் ஒரு குற்றவாளியாவது, நான் அன்றைக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தேன் என்று சொன்னதில்லை. அவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டதும் பெரியவர்களாகிவிடுவார்கள்.

ஆகையால் கொளஞ்சியம்மாள் சொல்வதாக எழுதினேன். ஜெயில் கம்பிக்கு உள்ளேயிருந்து என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆமாம், அமாவாசையை என் கையால்தான் கொன்றேன் என்று சொன்னார், அதைக் கேட்டு நான் அழுதேன், அவர் அழவில்லை, அன்று முதல் அவர் இதயத்தில் பனி பெய்துகொண்டிருக்கிறது என்று. இது மார்கழியில் சோளத்தட்டை மேல் விழுகிற பனி இல்லை. குதிரைவண்டியைப் புதைக்கிற பனி. நான் பார்த்ததில்லை, ஆனால் நன்றாகத் தெரியும். அந்தப் பத்தியை இப்போது கேட்டாலும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பேன்.

எங்கள் மரத்தடியில் ஒரு வழக்கம் உண்டு. மனு எழுதி முடித்ததும் இங்கிலீஷிலேயே உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அப்புறம்தான் கைநாட்டு வைப்பார்கள். ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் எவ்வளவு நேரம் ஓடுகிறது, குரல் எங்கே ஏறுகிறது, தங்கள் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று கவனமாகக் கேட்பார்கள். சில மனுவைத் திருப்பிக் கொடுத்து, "இன்னும் கொஞ்சம் காரமாப் போடுங்க" என்று சொன்னதும் உண்டு.

அன்று சுற்றிலும் இருபது பேர் கடலையை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் கடலை உரிக்கிற சத்தம் நின்றது. பனி பெய்த இடத்தில் ஒரு கிழவர் துண்டால் மூக்கைச் சிந்தினார். தர்மன் என்ற பெயர் வரும்போதெல்லாம் கொளஞ்சியம்மாள் கண்ணைத் துடைத்தார். பதினான்கு தடவை வரும்.

முடிந்ததும் கொளஞ்சியம்மாள், "எல்லாம் நல்லா இருக்கு தம்பி. ஆனா ஏலாக்குறிச்சின்னு ஒரு வாட்டிகூடக் காதுல வுழலியே?" என்றார்.

கூர்மையான காது. நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"இங்கிலீஷ்ல அதுக்கு வேற பேருக்கா. தரங்கம்பாடியை டிராங்குபார்ன்னு சொல்றானுவல்ல, அந்த மாதிரி."

"ஓ, அப்படிங்களா. வெள்ளைக்காரன் வாயில நம்ம ஊரு எங்க நொழையப் போவுது" என்று சிரித்துவிட்டு இடது கட்டை விரலை நீட்டினார். மை தடவி நான்தான் அழுத்திப் பிடித்தேன். ரேகை சுத்தமாக விழுந்தது.

உபதேசியார் சீட்டை நான் கிழிக்கவில்லை. அப்படிப்பட்ட ஆள் இல்லை நான். என் புத்தகத்தில் பக்க அடையாளத்துக்கு இருந்த நாடாவை எலி தின்றுவிட்டதால், பேத்தோஸ் உள்ள பக்கத்தில் அதை வைத்திருந்தேன். மிகவும் பத்திரமாக இருந்தது.

ஐந்து வாரம் கழித்து ஜெயிலிலிருந்து கடிதம் வந்தது. கொளஞ்சியம்மாள் உறையைப் பிரிக்காமல் அப்படியே என்னிடம் கொண்டு வந்தார். வெள்ளைச்சாமி அன்று சாட்சி சொல்ல ஜெயங்கொண்டம் போயிருந்தார். மூன்றே வாக்கியம். கைதி குற்றத்தைத் தன் மனைவியிடம் ஒப்புக்கொண்டதாக மனுதாரரே சொல்வதால், தீர்ப்பில் தலையிடக் காரணம் இல்லை. வரும் செவ்வாய்க்கிழமை காலை தண்டனை நிறைவேறும். உறவினர்கள் திங்கட்கிழமை வந்து பார்க்கலாம்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த முதல் வாக்கியம் எனக்குப் பெருமையாக இருந்தது. அவ்வளவு பெரிய இடத்தில் என் மனுவை நம்பியிருக்கிறார்கள். கேட்பவரை நம்ப வைப்பதே இந்தக் கலையின் நோக்கம் என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

"என்ன தம்பி போட்டிருக்கு?"

"மனுவை முழுசாப் படிச்சிருக்காங்கக்கா."

"சரி, அப்புறம்?"

அந்த வாரம் என் சொல் யூஃபமிசம். கடுமையான விஷயத்தை நோகாமல் சொல்வது. "இன்னும் யோசிச்சிட்டிருக்காங்க. நீங்க அடுத்த வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்க, நல்ல சேதியா இருக்கும்" என்றேன்.

எனக்குத் தெரிந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். "அப்ப நாள் கிடக்கு. அவருக்கு அதிரசம்னா உசிரு. சுட்டு எடுத்துட்டுப் போறேன் தம்பி. ஒங்களுக்கும் ரெண்டு தரேன்." கொண்டு வந்து கொடுக்கவும் செய்தார். நன்றாக இருந்தது. பாக்கி அதிரசத்தோடு வெள்ளிக்கிழமை ஜெயில் வாசலுக்குப் போனபோது, தூக்கு வாளியை வாங்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அன்று அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. எந்தத் தொனியில் பேசியிருந்தாலும் என்னளவு பக்குவமாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

தர்மன் திங்கட்கிழமை முழுவதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார் என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொல்கிறார். ஏன் இதை என்னிடம் சொல்கிறார் என்று புரியவில்லை. அழகான காட்சிதான். முன்பே தெரிந்திருந்தால் மனுவில் சேர்த்திருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து உபதேசியார் ஏலாக்குறிச்சியிலிருந்து வந்து, தான் எழுதிக் கொடுத்த சீட்டு என்ன ஆயிற்று என்று எல்லாரிடமும் கேட்க ஆரம்பித்தார். வெள்ளைச்சாமி என் பக்கம் கை காட்டினார். அப்புறம் தொப்பி வந்தது, நகல் வாங்கியது, என் புத்தகத்தைத் தலைகீழாக உதறியது. சீட்டு கீழே விழுந்தது.

ஐயா கேட்ட கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன். தர்மன் கொலை செய்யவில்லை என்று தெரியுமா? தெரியும். தெரிந்தே செய்ததாக எழுதினாயா? எழுதினேன். செவ்வாய்க்கிழமை என்று தெரிந்தே வெள்ளிக்கிழமை என்று சொன்னாயா? சொன்னேன். தர்மன் மேல் விரோதம் உண்டா? கிடையாது. அவரை நான் பார்த்ததே இல்லை. மனு எழுத ஆரம்பித்த பிறகு அவர் மேல் எனக்கு மிகுந்த பிரியம் ஏற்பட்டது.

கடைசியாக ஐயா ஒன்று கேட்டார். அந்தப் பெண்பிள்ளை சொன்ன இரண்டு வரியை இங்கிலீஷில் எழுத உனக்குத் தெரியாதா என்றார். அவரு செய்யலைங்க. அன்னிக்கு அவரு ஏலாக்குறிச்சியில இருந்தாரு. தெரியாமல் என்ன? அதற்கு வேண்டிய இங்கிலீஷ் எனக்கு ஆறாம் வகுப்பிலேயே வரும். ஏலாக்குறிச்சிக்கு இங்கிலீஷிலும் ஏலாக்குறிச்சிதான். எழுத அரை நிமிஷம்கூட ஆகாது. ஆனால் ஐயா, அப்படி எழுதியிருந்தால் அது வெள்ளைச்சாமி எழுதின மாதிரி அல்லவா இருந்திருக்கும்.