அன்புமொழிக்கு நான் சமைத்தது

நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுக் குறை சொன்னவர்கள் கீரனூரில் யாரும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற என் மெஸ்ஸில், திருச்சிக்கு வேலைக்குப் போகிறவர்கள் நின்றுகொண்டே இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ஓடுவார்கள். உங்கள் ஸ்டேஷனுக்கும் எத்தனையோ நாள் என் பொங்கல் வந்திருக்கிறது மேடம். நீங்களும் சாப்பிட்டிருப்பீர்கள்.

என் மனைவி அன்புமொழி குண்டு. கல்யாணத்தின்போதே அப்படித்தான். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிடுவார்களாம். நான் அங்கேயே சரி என்றேன். அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது. பல வருடங்கள் அது குறையவே இல்லை. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சாயங்காலம் வந்ததும் நேராகச் சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். "ஒங்களுக்கு மட்டும் எப்புடிங்க இந்த ருசி வருது?" என்பாள். ஒரு புருஷனுக்கு வேறென்ன வேண்டும்?

பிறகு அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. முட்டியும் வலித்தது. அவள் தங்கை இலக்கியா திருச்சியில் ஒரு லேப்பில் வேலை பார்க்கிறாள். அவள்தான் எடை குறைக்கிற சிகிச்சைக்குக் கூட்டிப் போனாள். இது டிவி விளம்பரத்தில் வருகிற மாதிரி இல்லை. டாக்டரம்மா ஒருவர் நேராகப் பார்த்து நடத்துகிற சிகிச்சை. வாரா வாரம் எடை பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள். இரண்டு வேளைக்கு ஒரு பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். ஒரு வேளை வீட்டுச் சாப்பாடு, அதுவும் அவர்கள் சொன்னபடி. டாக்டரம்மா என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"வீட்டுல சமைக்கிறது நீங்கதானே சார்? அப்ப பாதி வைத்தியம் ஒங்க கையிலதான் இருக்கு."

முதலில் நான் அவர்கள் சொன்னபடியே செய்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எண்ணெய் இல்லாமல் காய் வேகவைத்தேன். அவள் இளைத்தாள். மாத்திரையைக்கூடக் குறைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சிகிச்சைக்கு வருகிற பெண்களோடு நார்த்தாமலைக்குப் போனாள். மேலே கோயில் வரைக்கும் ஏறிவிட்டேன் என்று போனில் படம் அனுப்பினாள். சுடிதார் போட்டுக்கொண்டு, முடியெல்லாம் காற்றில் பறக்க, தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். தப்பாக நினைக்காதீர்கள், பக்கத்தில் யாரும் இல்லை. யாருக்காகவும் சிரித்த சிரிப்பு இல்லை அது. அதுதான் எனக்கு உறுத்தியது.

மலையேறிக் களைத்து வருவாளே என்று பணியாரம் சுட்டு வைத்திருந்தேன். தட்டை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினாள்.

"வேணாங்க. நீங்க சாப்புடுங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். மறுநாள் காலை அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, சர்க்கரையை மிக்ஸியில் நைசாக அரைத்து அந்தப் பொடி டப்பாவில் கலந்தேன். பொடியே ஏதோ ஒரு இனிப்போடுதான் இருக்கும், வித்தியாசம் தெரியவில்லை. பருப்பில் நெய்யை விட்டு மத்தால் கடைந்தால் நெய் மேலே மிதக்காது. கை பழகியவனுக்கு இதெல்லாம் பெரிய காரியம் இல்லை.

அவள் எடை ஏறியது. அவள் நடையைக் கூட்டினாள், தட்டில் இருந்ததைப் பாதியாக்கினாள். அப்படியும் ஏறியது. ஒரு நாள் மெஷினில் அவளை இரண்டு தடவை ஏறி இறங்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கிட்ட மறைக்காதீங்கம்மா. வெளியில என்ன சாப்புடுறீங்க?"

"சத்தியமா ஒண்ணும் சாப்புடல மேடம். இவர வேணா கேட்டுப் பாருங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தேன். அவராகவே புரிந்துகொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். நான் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொள்ளவில்லை.

"நான் சாப்புடலங்க. ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரிஞ்சு நீ சாப்புடல அன்பு," என்றேன்.

"அப்படின்னா?"

"தூக்கத்துல எந்திரிச்சுப் போய்ச் சாப்புடுற. நானும் சொல்ல வேணாம்னு இருந்தேன்."

மறுநாள் அவள் கண் விழித்தபோது தலையணைக்கு அடியில் பிஸ்கட் பாக்கெட்டின் காகிதம் இருந்தது. நான்தான் வைத்தேன். அவள் உதட்டோரத்திலும் கொஞ்சம் தூளைத் தடவியிருந்தேன். அவள் அந்தக் காகிதத்தை விரித்துப் பார்த்தாள். பிறகு போய் வாயைக் கொப்பளித்தாள், திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். பூட்டு போடச் சொன்னதே அவள்தான்.

"சமையக்கட்டப் பூட்டிச் சாவிய நீங்களே வச்சுக்கங்க. நான் கேட்டாலும் தராதீங்க. என்னய நம்ப முடியாதுங்க."

தண்ணீர்க் குடமும் உள்ளேதான். அதனால் தாகம் எடுத்தால்கூட என்னிடம்தான் வருவாள். நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முகத்தில் முழிக்கக் கூச்சமாக இருக்கிறது என்று வேலையை விட்டாள். மலைக்குக் கூட வந்த அந்தப் பெண்களோடு பேசுவதையும் விட்டாள். இலக்கியா போன் செய்தால், "தூங்குறேன்னு சொல்லிருங்க" என்பாள். வீடு பழையபடி அமைதியாகிவிட்டது.

ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகவும் டாக்டரம்மா இன்சுலின் ஊசி எழுதினார். அவளுக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை, அதனால் ஊசி போட அங்கே இருந்த நர்ஸ் எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தாள். "சாப்புடலேன்னா போடக் கூடாது சார். கை நடுங்கி வேர்த்துச்சுன்னா உடனே சக்கரத் தண்ணி குடுக்கணும். யோசிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து." நான் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். நர்ஸ் சரி என்றாள். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்லப் போவதில்லை.

அன்றைக்கு அவள், "நாளைக்கு எடை பாக்கணும்ங்க. இன்னிக்கு ஒண்ணும் சாப்புட மாட்டேன். ஊசிய மட்டும் போட்டுருங்க" என்றாள். போட்டேன். அவள் சாப்பிட மாட்டாள் என்று தெரிந்துதான் போட்டேன்.

முன்னறையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் வேர்வை. சமையலறைப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். நடுங்கிய விரல் பூட்டில் நிற்கவில்லை.

"என்னங்க... சக்கர. கொஞ்சம் சக்கர குடுங்க."

"நீதான கேட்டாலும் தராதீங்கன்ன?"

அதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்தாள். "ஒரு வாய் தாங்க," என்றாள். அதற்குப் பிறகு வார்த்தை குழறியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அக்காவின் சாமான்களை எடுத்து வைத்தபோது, பொடி டப்பாவில் எறும்பு மொய்த்திருப்பதை இலக்கியா பார்த்திருக்கிறாள். அது சர்க்கரை சேர்க்காத பொடி என்று அவளுக்குத் தெரியும். லேப்பிலேயே சோதித்துவிட்டு உங்களிடம் வந்தாள். கெட்டிக்காரப் பெண். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அன்புமொழியைக் கொல்ல நினைத்தாயா என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள். கொடுக்காவிட்டால் செத்துப்போவாள் என்றும் எனக்குத் தெரியும். ஊசியைப் போட்டதும் நான், கதவைத் திறக்காததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் அவள் மேல் எனக்குப் பிரியம் இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். அவள் கேட்ட விதம் உங்களுக்குத் தெரியாது. இந்த உலகத்தில் என்னைத் தவிர வேறு ஆளே இல்லை என்பதுபோலக் கேட்டாள். இன்னும் ஒரு தடவை அப்படிக் கேட்பாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.