பீரோ சுமப்பவரின் கழுத்து

களிமண் பொம்மைக்குக் கால்தான் முக்கியம், மேடம். பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். செய்கிறவர்கள் காலைத்தான் கவனிப்போம். பாதத்துக்கு அடியில் ஒரு திருகாணி வைத்துப் பலகையோடு முடுக்கிவிடுவோம். உடம்புக்குள் எலும்பு மாதிரி கம்பி இருக்கும், அதன் மேல் களிமண். கையை ஓர் அரிசி அளவுக்கு நகர்த்திப் படம் எடுப்போம். மறுபடி ஓர் அரிசி அளவு, மறுபடி ஒரு படம். எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டினால் பொம்மை தானாக நடப்பது போல் இருக்கும். இதற்குத்தான் ஸ்டாப் மோஷன் என்று பெயர். இதைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

எங்கள் இறுதியாண்டுப் படத்தில் ஒரே ஒரு ஆள்தான். முதுகில் பீரோவைச் சுமந்துகொண்டு படியேறுகிறார். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து, இங்கே இல்லை, மேலே போ என்கிறார்கள். அவ்வளவுதான் கதை. பொம்மையைச் செய்தது என் சித்தப்பா மகள். நகர்த்துவதும் படமெடுப்பதும் நான். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. நான் தங்கியிருந்ததும் சித்தப்பா வீட்டில்தான். அவளை வீட்டிலும் கல்லூரியிலும் கோந்து என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதிலிருந்தே இளைப்பு உள்ளவள். கோந்து வாசனை கொஞ்சம் பலமாக வந்தாலே மூச்சு வாங்கும். அவளுக்குப் போய் இந்தப் பெயர் என்று வீட்டில் எப்போதும் ஒரு சிரிப்பு. அவளும் சேர்ந்துதான் சிரிப்பாள்.

மொட்டை மாடியில் தகரக்கூரை போட்ட அறையைச் சித்தப்பா எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். வெளிச்சம் மாறினால் படம் துடிக்கும் என்பதால் ஜன்னலில் பலகை வைத்து ஆணி அடித்தேன். மின்விசிறியைக் கழற்றினேன், காற்றுபட்டால் பொம்மையின் சட்டை அசையும். கைபேசி, பை, நிறத் துணி எதுவும் உள்ளே வரக்கூடாது. அறையின் மின் இணைப்பு பழையது என்பதால் விளக்குகளுக்கு வெளியிலிருந்து கம்பி இழுத்திருந்தேன். சுவிட்ச் படிக்கட்டுப் பக்கம் இருந்தது. இதெல்லாம் வேலைக்காகச் செய்தவை. முன்கூட்டியே திட்டமிட்டதாக உங்கள் உதவியாளர் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறார், அது சரியில்லை.

முகபாவம் மாற மாறத் தலையையும் மாற்ற வேண்டும். அதனால் கழுத்தில் மட்டும் கம்பி வைக்க வேண்டாம், களிமண்ணாலேயே ஒட்டிக்கொள்ளலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். நல்ல யோசனை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சாப்பிட்டுவிட்டு மேலே வந்து பார்த்தால் பீரோ சுமப்பவரின் தலை கொஞ்சம் சாய்ந்திருக்கும். அப்படியே ஓட்டினால் நல்லபடியாக நடந்துகொண்டிருப்பவர் திடீரென்று தலையை வெட்டி இழுப்பார். அந்தக் காட்சி முழுவதும் வீண். ஒரு முறை என்றால் என் தவறு என்று விட்டிருப்பேன். மறுபடியும் மறுபடியும் நடந்தது.

அப்போதுதான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி சாப்பாட்டை அள்ளிப்போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் மாடிக்குப் போய்விடுவாள். கேட்டதற்குச் சிரித்தாள்.

"பீரோவைத் தூக்கிட்டு நின்னா யாருக்குத்தாண்ணா கழுத்து சாயாது?"

பிறகு, கூரைச் சூடும் விளக்குச் சூடும் சேர்ந்து களிமண் இளகுகிறது, விளக்கை மாற்றிப் பார்க்கலாம் என்றாள். சூடாகாத விளக்கு வாங்கச் சொல்லிக் கல்லூரி ஆய்வக உதவியாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். களிமண் மேல் அந்த மஞ்சள் வெளிச்சம்தான் உயிரோட்டமாக இருக்கும் என்று மறுத்தவன் நான். ஆக, விளக்கைச் சொன்னால் என்னைச் சொன்ன மாதிரி. அதை அவள் அவ்வளவு சாதுவாகச் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது.

இன்னொன்றும் இருந்தது. வேறொரு குழுவில் பொம்மை செய்ய ஆள் இல்லை. அவர்கள் கூப்பிட்டார்கள், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்று அவளாகவே வந்து என்னிடம் சொன்னாள். நான் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு ஒருவர் ஏன் பதில் சொல்ல வேண்டும்? எங்கள் படம் நின்றுபோனால் அவளுக்குப் போக ஓர் இடம் இருந்தது. எனக்கு இன்னொரு வருடம் போய்விடும்.

வாசற்படியில் சாக்பீஸ் தூள் தூவி வைத்தேன். சாப்பிட்டு வந்து பார்த்தால் அவளுடைய செருப்புத் தடம். அறைக்குள் போவது அவள் வேலைதானே என்பீர்கள். நானும் அதை யோசித்தேன். அதனால்தான் இன்னும் ஒழுங்கான சோதனை ஒன்று தேவைப்பட்டது. யாரும் தொடாமல் தலை சாய்கிறதா, தொட்டுச் சாய்கிறதா? இதைத் தெரிந்துகொள்ள, அறையில் அவள் மட்டும்தான் இருக்க வேண்டும். வேறு யாரும் நுழையக்கூடாது. நடப்பதையெல்லாம் கேமரா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சித்தப்பாவும் சித்தியும் வேலைக்குப் போயிருந்த ஒரு நண்பகலில் கேமராவைப் பின்னால் தள்ளி வைத்தேன். கதவும் பொம்மையும் ஒரே படத்தில் விழுந்தன. சில நொடிகளுக்கு ஒரு முறை அதுவாகவே படமெடுக்கும்படி அமைத்தேன். கடைக்குப் போய் வருகிறேன், அதற்குள் அடுத்த சட்டையைத் தைத்துவை என்று அவளிடம் சொன்னேன். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வைக்கச் சொன்னேன். ஒரு கணம் யோசித்துவிட்டு வைத்தாள். கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

நான் கடைக்குப் போகவில்லை. படியில் உட்கார்ந்திருந்தேன். பை என் மடியில் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினாள். கதவு மாட்டிக்கொண்டதாக நினைத்திருக்கிறாள். தன்னை உள்ளே வைத்துப் படமெடுக்கிறாயா என்றுகூட வேடிக்கையாகக் கேட்டாள். நான் பேசவில்லை. அதற்கப்புறம் தட்டியது வேறு மாதிரி இருந்தது.

"அண்ணா... பை. பையை மட்டும் குடு. கதவைக்கூடத் திறக்க வேணாம்."

கதவுக்கு அடியில் இன்ஹேலர் நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டா என்று நேற்று கேட்டீர்கள். உண்டு. ஆனால் அதைத் தள்ளினால் நான் வெளியே இருப்பது அவளுக்குத் தெரிந்துவிடும். தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர் எதையும் தொடமாட்டார். சோதனைக்கே அர்த்தமில்லாமல் போய்விடும். கதவைத் திறந்தால் வெளிச்சம் விழுந்து அதுவரை எடுத்த படங்களெல்லாம் பாழ். இதை எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தட்டுவது நின்றது. சரி, இப்போதுதான் பொம்மையிடம் போகிறாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது. கேமரா முழுவதையும் எடுத்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தேன். கதவு லேசில் திறக்கவில்லை. அவள் அதன் மேல் சாய்ந்திருந்தாள்.

ஆம்புலன்சைக் கூப்பிட்டவன் நான்தான். வரும்வரை இருந்த நேரத்தில் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். அதையும் மறைக்கவில்லை. கதவருகே அவள் விட்டு விட்டுத் துள்ளுகிறாள், உட்காருகிறாள், சாய்கிறாள். எந்தப் படத்திலும் பொம்மைக்குக் கையெட்டும் தூரத்தில் இல்லை. பீரோ சுமப்பவரின் தலை மட்டும் மெதுவாக, ஒரு வெட்டும் இல்லாமல் தாழ்ந்துகொண்டே வருகிறது. எங்கள் படம் முழுவதிலும் அவ்வளவு அழகான அசைவு வேறெங்கும் இல்லை.

இன்று காலை சித்தப்பா வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"உன்மேல கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லடா. அவ தொடலன்னு மட்டும் எழுதிக் கொடுத்துடு. செத்த பிள்ளைக்கு அந்தப் பேரு வேணாம்."

தாழ்ப்பாள் போட்டது நான். தட்டியது கேட்டது. பை மடியில் இருந்தது, அதற்குள் என்ன இருக்கும் என்பதும் தெரியும். அவள் இறந்தது என்னால்தான். இதிலெல்லாம் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் சித்தப்பா கேட்பது வேறு. கேமரா சில நொடிகளுக்கு ஒரு முறைதான் படமெடுத்தது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அவள் எழுந்துபோய்த் தொட்டுவிட்டு மறுபடி கதவருகே வந்து உட்கார்ந்திருக்கலாம். இல்லை என்று எதை வைத்துச் சொல்வது?

மற்றப் பக்கங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டேன், மேடம். அவள் தொடவில்லை என்கிற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டுக் கொடுங்கள்.